முகூர்த்தப் பட்டு என்று ஒரு டிக்

"மதுவந்தி, கொஞ்சம் கீழ வாம்மா. ஒரு லெட்டர் விஷயம்."

இன்டர்காமில் வைரவன் குரல் தேனாக இனித்தது. முதலாளி குரல் இனித்தால் யாருக்கோ வேலை போகப்போகிறது என்று பாண்டி பஜாரில் அந்தப் பட்டுப்புடவைக் கடை ஊழியர்கள் அத்தனை பேருக்கும் தெரியும்.

மாடியில் பிரின்டர் கரகரவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூடத் தோன்றாமல் மதுவந்தி எழுந்தாள்.

அந்த புரோகிராமை எழுத அவளுக்கு ஐந்து மாதம் பிடித்தது. கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வந்தால் பில்லில் 'முகூர்த்தப் பட்டு' என்று ஒரு டிக், மாப்பிள்ளை பெயர், பெண் வீட்டு முகவரி. அவ்வளவுதான். மீதியைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். புரட்டாசி பிறந்ததும் பெண்ணின் அப்பாவுக்கு அதுவாகவே கடிதம் அடிக்கும். தலை தீபாவளிக்கு மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் புத்தாடை எடுக்க வாருங்கள் என்று.

டிக் விழாமல் கடிதம் போகாது. வைரவனுக்கு அவள் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

இந்த வருஷம் நானூற்றுப் பன்னிரண்டு கடிதம் போயிற்று. அதில் ஒன்றுக்கு மட்டும் பில்லே கிடையாது. எல்லோரும் சாப்பிடப் போயிருந்த ஒரு மத்தியானம், அந்த டிக்கை மதுவந்திதான் போட்டாள்.

பாதிப் படியிலேயே சத்தம் கேட்டது.

"எங்காத்துல எந்தக் கல்யாணமும் நடக்கலை! ஊர் சிரிக்க வெக்கவா இதை அனுப்பினேள்?"

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கடைசிப் படிவரை இறங்கினாள். கிழித்துக் குப்பையில் போடுவார்கள், மிஞ்சிப்போனால் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள். ஆளே கிளம்பி வருவார் என்று யார் கண்டது!

கல்லாவுக்கு முன்னால் அறுபது வயதுப் பெரியவர் ஒருவர், கக்கத்தில் குடையும் கையில் கடிதமுமாக நின்றார். புடவை பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள்கூட வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"சார் மயிலாப்பூர் சுப்பராமன்," என்றார் வைரவன். "நம்மகிட்ட ஒரு கர்ச்சீப்கூட வாங்கினதில்லையாம். ஐயர் வீட்டு அட்ரஸ்ல மாப்பிள்ளை பேரு நோயல்னு அடிச்சு வெச்சிருக்கு! ரெண்டு வீட்டு பில்லை மெஷின் கலந்துடுச்சா, இல்ல யாராவது விளையாடினாங்களா? மெஷின்னா சரி பண்ணு. ஆளுன்னா, அந்த ஆள் இன்னியோட நின்னுக்கலாம்."

மெஷின் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிழைத்துக்கொள்ளலாம். கே.கே. நகர் வீட்டில் இப்போதைக்கு அவள் ஒருத்தி சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

பெரியவர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். கடிதம் பிடித்திருந்த கை மெல்லக் கீழே இறங்கியது.

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் பொய் சொல்ல முடியவில்லை.

"மெஷின் சரியாத்தான் பண்ணிச்சு சார். நான்தான் வேணும்னே பதிஞ்சேன்." "அந்த ஆத்துக்கும் ஒரு லெட்டர் போகட்டுமேன்னு தோணித்து."

வைரவனுக்கு முகம் சிவந்துவிட்டது. இனிப்பெல்லாம் எங்கே போயிற்றோ. "பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. இப்பவே."

"இருங்கோ," என்றார் பெரியவர்.

கசங்கிய கடிதத்தைக் கல்லா மேஜைமேல் வைத்து நீவினார். அவசரமே இல்லாமல் இன்னொரு தடவை படித்தார்.

"இதுல தப்பு ஒண்ணும் இல்லை. கல்யாணம் நடந்தது வாஸ்தவம். நாங்கதான் போகலை."



பெரியவர் குடையைக் கல்லா ஓரம் சாய்த்து வைத்துவிட்டு ஆண்கள் பகுதிக்கு நடந்தார். அங்கே நின்ற விற்பனைப் பெண் ரத்னாவிடம், மாப்பிள்ளைக்கு ஒரு நல்ல சட்டை வேண்டும் என்றார்.

"இன்னா சைஸ் சார்? நாப்பதா, நாப்பத்திரண்டா?"

"நான் அவரைப் பாத்ததில்லை." பெரியவர் திரும்பாமலே படிப்பக்கம் கையைக் காட்டினார். "என் பொண்ணைக் கேளுங்கோ."