மூன்றாவது கூலிங் பேட்

லேப்டாப்புக்குக் கூலிங் பேட் கேட்டு ஹாஜா மறுபடியும் வந்து நின்றதும் வண்ணார்பேட்டைக் கடைக்காரர் தேவேந்திரன் திகைத்துப்போனார்.

“என்ன பாய், மூணு மாசத்துல மூணாவது பேடா? இன்னுமா சுடுது?”

“மேல தோசை ஊத்தலாம் அண்ணாச்சி. வேலை பாக்கும்போதே அணைஞ்சு போவுது. இன்னொரு தடவை அணைஞ்சா வேலையை விட்டுத் தூக்கிருவேன்னு மேனேஜர் சொல்லிட்டான்.”

“அப்ப இதை எடும். ஆறு ஃபேன்.”

ஹாஜா சட்டைப்பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து அளந்தார். “அகலம் ஒரு இஞ்ச் கூட இருக்கே. பழைய அளவுலயே குடுங்க.”

“அதுல ரெண்டு ஃபேன்தான் வே! ஏன் அளவையே பிடிச்சுத் தொங்குதீரு?”

ஹாஜா குரலைத் தாழ்த்தினார். “ஃபேனுக்குள்ள தூசி போயிரக் கூடாதுன்னு என் வீட்டுக்காரி பேடுக்கு வெல்வெட்டுல உறை தச்சு மாட்டியிருக்கா. புது பேடும் அதுக்குள்ள நுழையணும்.”

“அடப்பாவி! காத்து எப்படி வே வரும்? உறையைக் கழட்டி எறியும்!”

“நீங்க வந்து அவகிட்டச் சொல்லுதீயளா?”

தேவேந்திரன் பிரிண்டர்மேல் தன் மனைவி தைத்து மாட்டியிருந்த பூப்போட்ட உறையை நோகாமல் எடுத்து வைத்துவிட்டுப் பில் அடித்தார். அடித்து முடித்ததும், சுருக்கம் விழாமல் மறுபடி மாட்டினார்.