பொனற்றில் ஒரு முகம்

முகத்துக்கு விலை நாலாயிரம் டொலர். பின்பக்கம் விளம்பரம் ஒட்டுவதென்றால் இரண்டாயிரத்து ஐந்நூறு.

ரொறன்ரோவுக்குப் பக்கத்துப் பிறம்ரனில் கராஜ் வைத்திருக்கும் சுலக்சன், பந்தயம் ஓடும் தன் றக் வண்டியைத் தடவியபடி விலையைச் சொல்லிவிட்டுக் காத்து நின்றான். கத்தரிக்காயின் காம்புக்குக் காசு கொடுக்க மனமில்லாத சனம் நம்முடையது. வந்தவர் பாதி கேட்பார், மூவாயிரத்தில் முடிக்கலாம் என்பது அவன் போட்ட மனக்கணக்கு.

வந்தவர் குறைத்துக் கேட்கவே இல்லை. "எஞ்சினை மூடுற பொனற் முழுக்க இந்த முகம் வரவேணும்," என்று கொண்டுவந்த சுருளை விரித்தார்.

படத்தில் இருந்தவருக்குத் தலை நிறைய முடி, கன்னத்தில் பளபளப்பு. முன்னால் நின்றவருக்கு இரண்டும் இல்லை. சுலக்சன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ரொறன்ரோவில் வீடு விற்கும் தமிழர்களின் படங்களுக்கு வயது போவதில்லை. மகனுக்கே கலியாணம் முடிந்திருக்கும். பஸ் தரிப்பு வாங்கிலில் ஒட்டிய விளம்பரத்தில் தகப்பன் இன்னும் மாப்பிள்ளைச் சிரிப்போடு இருப்பார்.

படத்தின் கீழே 'வீடென்றால் ஜெயரட்ணம்' என்றும் ஒரு தொலைபேசி இலக்கமும் இருந்தன.

"ஜெயரட்ணம் அண்ணை, யோசிக்காதேங்கோ. இந்த முறை கட்டாயம் வெல்லுவம்."

வந்தவருக்கு ஒரு இருமல் வந்தது. "வெல்லுற றக்கோ?" வெளியே எடுத்த பணக்கட்டு திரும்பவும் சட்டைப்பைக்குள் இறங்கத் தொடங்கியது.

பொய் பிடிபட்டுவிட்டது என்று சுலக்சனுக்கு விளங்கியது. பணம் இல்லாவிட்டால் சக்கரத்துக்குப் புது ரயர் இல்லை. புது ரயர் இல்லாவிட்டால் றக்கே இல்லை. "இந்த முறையும் கடைசியெண்டால், உந்த றக்கை வித்துப்போட்டு வீட்டுக்கு வாங்கோ," என்று மனைவி சுபாங்கி காலையில்தான் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்கிற சாதி.

"உண்மையைச் சொல்லிப்போடுறன் அண்ணை. மூண்டு வருஷமாக் கடைசிதான். போன கோடை சுவரிலை அடிச்சுக் கவிண்டது. சனம் வீடியோ எடுத்து ஊர் முழுக்க அனுப்பிச் சிரிச்சது."

"தமிழ்ச் சனமும் வாறதோ?"

"லொறி ஓடுற எங்கடை பெடியள் முழுக்க வருவினம். என்னைப் பாத்துச் சிரிக்கத்தானே வாறவை."

பணக்கட்டு மறுபடி வெளியே வந்தது. நாலாயிரத்தையும் றக்கின் மேல் வைத்தார். "உண்மை பேசுற ஆளோடைதான் நான் வியாபாரம் செய்வன், தம்பி."

இப்படியும் ஒரு நேர்மையான மனிதரா என்று சுலக்சனுக்குக் கண் கலங்கியது. பணம் முழுவதும் ரயராக மாறியது.

ஞாயிறு பின்னேரம். ரொறன்ரோவுக்கு வடக்கே, எழுபது வருஷமாக ரயர் தேய்ந்து கறுத்துப்போன முட்டை வடிவ ஓடுபாதை. ஆறு றக்குகள் வரிசையில் நின்றன. கடைசி றக்கின் பொனற்றில் ஜெயரட்ணம் வெயிலுக்குக் கண் கூசாமல் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். காசு தந்தவர் ஒரு மிக்சர் பையோடு முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார்.

"உவங்கள் இடப்பக்கமாத்தானோ சுத்துறவங்கள்?" என்று சுலக்சனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஓம் அண்ணை, எப்பவும் அப்பிடித்தான்."

"கோயிலெண்டால் வலப்பக்கம். இது செத்தவீட்டுச் சுத்து," என்றார். அதை ஏன் அவ்வளவு சந்தோசமாகச் சொன்னார் என்பது சுலக்சனுக்குப் பிடிபடவில்லை.

கடைசி வளைவு வரை சுலக்சன் தனக்குப் பழகிய இடத்திலேயே ஓடினான். கடைசியில். தமிழ்ப் பெடியள் வழக்கம்போலக் கூவென்று கத்தினார்கள். காசு தந்தவர் எல்லோரையும்விடக் கூடக் கத்தினார்.

முடிவுக்கோடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. முன்னால் போன ஐந்து பேரும், 'நீ போனால் நானும் போவேன்' என்று ஒரே வளைவுக்குள் ஒரே நேரத்தில் நுழைந்தார்கள். பிறகு யாரும் எங்கேயும் போகவில்லை. காயம் ஐந்து பேரின் மானத்துக்கு மட்டும்.

பழைய ரயராக இருந்திருந்தால் சுலக்சனும் வழுக்கிப்போய் அந்தக் குவியலில் ஆறாவதாகச் சேர்ந்திருப்பான். புது ரயர் பாதையைக் கவ்விப் பிடித்தது. ஓரமாக ஒரு இடைவெளி தெரிந்தது. அதற்குள்ளால் ஜெயரட்ணம் சிரித்தபடியே முதலாவதாக வெளியே வந்தார்.

வேலி தாண்டி ஓடிவந்த பெடியள் பொனற்றைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்தார்கள். "மச்சான், உந்த நம்பரைக் குறிச்சு வை. உப்பிடி ஒரு ராசிக்காரனிட்டைத்தான் வீடு வாங்கவேணும்," என்றான் ஒருவன். ஐந்தாறு பேர் போனை எடுத்துக் குறித்தும் விட்டார்கள்.

சுலக்சன் முதலில் சுபாங்கிக்கு ஒரு படம் அனுப்பினான். பிறகு வெற்றிக் கிண்ணத்தோடு முன்வரிசைக்கு ஓடினான். காசு தந்தவரின் காலடியில் மிக்சர் கொட்டிக் கிடந்தது. தலையில் கை வைத்தபடி இருந்தார். சந்தோசம் தாங்கவில்லைப் போலும்.

"அண்ணை, வெண்டிட்டம். எல்லாற்றை போனிலையும் உங்கடை முகம்தான். இனி உங்களுக்கு வீடு வித்து முடியாது. பிடியுங்கோ, கிண்ணம் உங்களுக்குத்தான்."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். தூரத்தில் சிரித்துக்கொண்டிருந்த பொனற்றைப் பார்த்தார்.

"அது நானில்லையடா தம்பி, எனக்கு எதிர்க் கந்தோரிலை வீடு விக்கிறவன். சனம் அவனைப் பாத்துச் சிரிக்கட்டுமெண்டுதான் காசு தந்தனான். செலவு என்ரை, வரவு அவன்ரை."