பதினொரு கொடிகள்

"என்ரை நாய்க்கே தெரியும் தம்பி, எங்கடை எல்லை எதெண்டு," என்றார் மார்க்கண்டு மாஸ்டர்.

நீதிமன்றம் அனுப்பிய நில அளவையாளர் நாடாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். இத்தனை வருடத் தொழிலில் காணி உறுதிப் பத்திரம் காட்டியிருக்கிறார்கள், பனையைக் காட்டியிருக்கிறார்கள், செத்துப்போன தகப்பன்மாரைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறார்கள். நாயை ஒருவரும் காட்டியதில்லை.

கொடிகாமம் சந்தைக்குப் பின்னால், மாஸ்டரின் வளவுக்கும் ஜெயரூபனின் வளவுக்கும் நடுவே வேலி இல்லை. போன மார்கழி மழையில் அது விழுந்தது. மாஸ்டர் திரும்ப அடைத்தார். ஜெயரூபன் வழக்குப் போட்டான்.

"விழுந்த வேலி எழும்பேக்கை ஒண்டரை முழம் நடந்திட்டுது," என்று சந்தை முழுக்கச் சொல்லியும் திரிந்தான்.

வேலி எப்போதும் அங்கேதான் இருந்தது என்று மாஸ்டர் சத்தியக்கடதாசி கொடுத்தார். முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவரின் சத்தியம். நீதிமன்றம் அதை வாங்கி வைத்துக்கொண்டு, புது வேலியைப் பிடுங்கச் சொன்னது. வழக்கு முடியும்வரை இருவரும் அடைக்கக்கூடாது.

வேலி இல்லாமல் போனதில் முதலில் செத்தது மாஸ்டரின் முந்தைய நாய். ஜெயரூபனின் மரக்கறி லொறி பின்னுக்கு வந்தபோது பிளக்கி சில்லுக்குள் போனது.

மாஸ்டரின் மனைவி பராசக்தி இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. இந்தச் சாவையும் வழக்கில் சேர்க்கலாமா என்று மாஸ்டர் சட்டத்தரணியிடம் கேட்டார்.

பிறகு சீசர் வந்தது.

"உங்கடை வழக்கைப் பற்றி நான் ஒண்டும் கதைக்கேல்லை. இதையாவது உயிரோடை விட்டு வையுங்கோ," என்றாள் பராசக்தி.

கட்டிப்போட்டால் சீசர் சாப்பிடாது. அவிழ்த்துவிட்டால் லொறி. கனடாவில் இருக்கும் மகள் கஜந்தினிதான் தொலைபேசியில் வழி சொன்னாள். எல்லையில் சின்னச் சின்னக் கொடிகளை நட வேண்டும். தினமும் நாயைக் கயிற்றில் பிடித்து அந்தக் கொடிவரை நடத்திப்போய், திருப்பிக் கொண்டுவர வேண்டும். கொடியோடு திரும்பினால் தின்னக் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்தில் வேலி நாயின் தலைக்குள் வந்துவிடும்.

மாஸ்டருக்கு இது மிகவும் பிடித்துப்போனது. நாயின் தலைக்குள் வேலி அடைக்கக்கூடாது என்று எந்த நீதிமன்றமும் கட்டளையிடவில்லை.

பழைய வேட்டி ஒன்றைக் கிழித்தார். பூவரசந்தடி வெட்டினார். தான் சத்தியம் செய்த கோட்டில் நூல் பிடித்துப் பதினொரு கொடிகள் நட்டார். நடுவில் இரண்டை லொறி அடிக்கடி சாய்த்துவிட்டுப் போகும். அவர் தேதி குறித்துக்கொண்டு நிமிர்த்தி வைப்பார்.

பழக்கும் வேலை மட்டும் பராசக்திக்கு. காலையில் அவர் பேப்பர் பார்க்க வாசிகசாலைக்குப் போய்வரும் நேரத்தில் அதைச் செய்வாள். கையில் தேங்காய்ச் சொட்டு, சின்னத் துண்டாகக் கீறியது, இருக்கும்.

இன்று மூன்று மாதம் முடிந்து ஒரு கிழமை.

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, அளவையாளர் பார்க்க, நடுக்கொடியின் அடியில் எறிந்தார்.

"சீசர், ஓடு."

சீசர் பாய்ந்து ஓடியது. கொடிக்கு ஒன்றரை முழம் இருக்கும்போது நின்றது. மூக்கை நீட்டிப் பிஸ்கட்டை மணந்தது. முன்னங்காலைத் தூக்கியது. யோசித்தது. காலை மடக்கிக்கொண்டு குந்திவிட்டது.

"போய் எடடா."

வாலை ஆட்டியது. எழும்பவில்லை.

லொறியின் மிதிபடியில் இருந்த ஜெயரூபன் வெற்றிலையைத் துப்பினான். "மாஸ்டர், உங்கடை வீட்டிலை கணக்குத் தெரிஞ்ச ஆள் உவன் ஒருத்தன்தான் போலை."

"உதுக்கு வெயில் பிடிச்சிட்டுது," என்றார் மாஸ்டர்.

அளவையாளர் நாயின் பக்கத்தில் குனிந்தார். அதன் மூக்குக்கு நேரே மணலில் ஒரு துளை. பெருவிரல் தடிப்பு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கு அப்பால் இன்னொன்று. குத்திக் குத்தி எடுத்ததில் வாய் அகன்றுபோன துளைகள், வளவின் அந்தம்வரை ஒரே கோட்டில் போயின.

மாஸ்டர் எண்ணினார். எண்ணாமல் இருக்க அவருக்குத் தெரியாது.

பதினொன்று.

குசினி வாசலைத் திரும்பிப் பார்த்தார். பராசக்தி ஒரு கையில் தேங்காய்ப் பாதியும் மறு கையில் கத்தியுமாக நின்றாள்.

"இதிலை கொடி நட்டது ஆரம்மா?" என்று அளவையாளர் கேட்டார்.

"நான்தான் தம்பி. இவர் வாசிகசாலைக்குப் போனாப்பிறகு பிடுங்கி இதிலை நடுவன். வரமுந்தி இவர் நட்ட கோட்டிலை திருப்பி வைச்சிடுவன்."

"ஏன்?"

"நாய் தப்ப வேணுமே. லொறி பின்னுக்கு வந்தால் எப்பவும் பழைய வேலியடியிலைதான் நிக்கும். அதுக்கங்காலை போனால் சில்லுக்குள்ளைதான்."

"பழைய வேலி," என்றார் அளவையாளர் மெதுவாக.

"ஓம். பழைய வேலி."

மாஸ்டர் துளைகளை முதலிலிருந்து திரும்பவும் எண்ணினார்.

அளவையாளர் அன்று முதல் தடவையாகப் பேனாவை எடுத்தார்.

பராசக்தி தேங்காய்க்குள் கத்தியை விட்டு ஒரு சொட்டுக் கிளப்பினாள். வழக்கத்தைவிடப் பெரிய சொட்டு.

கொடியடியில் கிடந்த பிஸ்கட்டைத் திரும்பியும் பாராமல் சீசர் அவளிடம் ஓடியது.