அமெரிக்காவைத் தோற்கடித்தவள்

மாணவர்களின் மாதிரி ஐ.நா. சபையில், ஆயர் ஈத்தாம் ஊரிலிருந்து தன்னோடு ஒரே பஸ்ஸில் வந்த கௌரிக்கு, நாடுகளைப் பிரிக்கும் குலுக்கலில் அமெரிக்கா விழுந்ததைக் காமினியால் பொறுக்கவே முடியவில்லை. எல்லாரும் கௌரியைத்தான் மொய்த்தார்கள்.

"அவ தீர்மானத்த படிச்சிப் பாரு லா," என்றான் பக்கத்து மேசை ஜப்பான், கிஷன்.

"அவ எழுதுனத நான் ஏன் படிக்கணும்?"

ஏர்கான் குளிரிலும் அந்தத் தீர்மானத் தாளை விசிறியாய் மடித்து வீசிக்கொண்டாள் காமினி.

"எதிர்ப்பவர்கள்?" என்று சபைத் தலைவர் கேட்டதும் தன் நாட்டின் பெயர் அட்டையை உயரத் தூக்கினாள். தீர்மானம் ஒரே ஓட்டில் தோற்றது. அப்போதுதான் அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

கௌரி அழாத குறையாக ஓடி வந்தாள்.

"ஏன்டி எதிர்த்த? கடல்ல மூழ்குற உன் நாட்ட காப்பாத்தத்தானே எழுதுனேன்!"

காமினி விசிறியைப் பிரித்தாள். அவள் தூக்கிக் காட்டிய அட்டையில் இருந்த பெயர்தான் தீர்மானத்தின் தலைப்பிலும் இருந்தது: மாலத்தீவு.