கூடுதலா ஒண்ணு

ரோஷினி எழுந்து போன பிறகு பிளாஸ்டிக் நாற்காலியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் இருந்தது.

முருகேஸ்வரி அதைத் துடைக்கவில்லை. துடைத்துத் துடைத்துப் பதினாறு வருஷம் ஆகிவிட்டது.

மூன்று வருஷமாக மழை ஏமாற்றிய பரளச்சியில், அவள் மகள் மட்டும் எப்போதும் நனைந்திருந்தாள். தூங்கும்போது, நடக்கும்போது, கோயிலில் கும்பிட்டு நிற்கும்போது. கழிப்பறைக்குப் போய்விட்டு வந்த மறு நிமிஷமும் சொட்டு நிற்காது. மடித்து வைக்கும் துணி மதியத்துக்குள் ஊறிவிடும். பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் மறுத்ததில், பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது.

அருப்புக்கோட்டையில் மூன்று தடவை வயிற்றில் ஜெல் தடவி ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. மூன்று தடவையும் ஒரே பதில். எல்லாம் நார்மல்.

"நார்மல்னா உள்ள உக்காந்து சொட்டுறது யாரு?" என்றார் ராமசுப்பு, அவள் கணவர். ஊரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். "இனி ஆஸ்பத்திரி வேணாம். திருச்சுழிக்கு அங்கிட்டு தனுஷ்கோடின்னு ஒரு கோடாங்கி இருக்காரு. பொம்பளப் பிள்ளைகளுக்குக் குறி பாத்துப் பேய் ஓட்டுறவராம்."

"வேப்பங்குழையால அடிப்பாங்க. பிள்ள தாங்குவாளா?"

"ஊரு சிரிக்கிறத மட்டும் தாங்குறாளா?"

போனார்கள்.

உச்சி வெயில். கருவேலங்காட்டுக்கு நடுவில் ஒற்றை ஓட்டு வீடு. ஒரு காக்கா சத்தம்கூட இல்லை. கோடாங்கிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மடியில் உடுக்கை.

ரோஷினி எதிரில் உட்கார்ந்தாள். அவர் விரல் உடுக்கையில் படவே இல்லை. பிள்ளையின் முகத்தையும் பார்க்கவில்லை. அவளுக்குக் கீழே சிமெண்டுத் தரையில் மெல்லப் பரவும் ஈரத்தையே, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆம்பள வெளிய இருங்க."

ராமசுப்பு எழுந்து போனார்.

"தாயி, பிள்ள தன்னால ஒண்ணுக்குப் போகுதா?"

முருகேஸ்வரிக்குச் சுருக்கென்றது. "வயசுப் பிள்ளைய வச்சுக்கிட்டு என்ன கேள்வி இது?"

"போயிட்டு வந்த பெறகும் சொட்டுதா? பொறந்ததுலருந்தா?"

"ஆமா. அதுக்கென்ன?"

அவர் கண்ணை மூடினார். உடம்பு ஒரு தடவை உதறியது. வேறு யாரோ உள்ளேயிருந்து பேசுவது போலக் குரல் மாறி, வெளியே நின்ற ராமசுப்பு வரைக்கும் கேட்டது.

"இவளுக்குள்ள கூடுதலா ஒண்ணு இருக்கு! என் அடிக்கு அது எறங்காது. மதுரைக்குக் கொண்டு போ! கையில ஊசி ஏத்தி, குகை மாதிரி மிசினுக்குள்ள படுக்க வச்சுப் படம் புடிப்பாக. அந்தப் படத்துல அது வாலோட வந்து விழும். ஏழு நாளைக்குள்ள போகணும்!"

ரோஷினி அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். அவள் விரல்கள் ஜில்லிட்டிருந்தன.

விபூதி மடித்துக் கொடுத்த தாளில் ஒரு ஆஸ்பத்திரியின் பெயர் எழுதியிருந்தது.

"பூசாரி வேஷத்துல ஸ்கேனுக்கு ஆள் புடிக்கிறான்," என்று பஸ்ஸில் முணுமுணுத்தாள் முருகேஸ்வரி.

ராமசுப்பு காதில் வாங்கவில்லை. இனி ஆஸ்பத்திரியே வேண்டாம் என்ற மனுஷன், சாமி சொல்லிவிட்டதென்று நாலாம் நாளே மதுரைக்குக் கிளம்பினார்.

ரோஷினி மிசினுக்குள் முக்கால் மணி நேரம் கிடந்தாள். டொக் டொக் என்று உள்ளே யாரோ தட்டுகிற மாதிரி சத்தம். முருகேஸ்வரி வெளியே விபூதியைக் கைக்குள் பொத்திக்கொண்டு நின்றாள்.

டாக்டர் அமுதவள்ளி திரையில் விரலை வைத்தார். கறுப்புக்குள் வெள்ளையாக ஒரு நூல் நெளிந்து நெளிந்து இறங்கியது.

"பாருங்கம்மா, இங்க கூடுதலா ஒண்ணு இருக்கு."

முருகேஸ்வரிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"ஒரு கிட்னிக்கு ஒரு குழாய்தான். இவளுக்கு இடது பக்கம் ரெண்டு இருக்கு. ஒண்ணு மூத்திரப் பைக்குள்ள ஒழுங்கா போகுது. இன்னொண்ணு பையில சேராம, அதுக்கும் கீழ போய்த் திறந்துக்கிட்டிருக்கு. அதான் எந்நேரமும் சொட்டு. பிறவியிலயே வர்றது. சாதாரண ஸ்கேன்ல சில சமயம் சிக்காது. ஆபரேஷன் பண்ணிச் சரி பண்ணிடலாம்."

"அப்ப பேய் இல்லையா டாக்டர்?" என்றாள் ரோஷினி.

"குழாய்ம்மா. வெறும் குழாய்."

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள், காலையில் உடுத்திய துணியோடு அந்திவரைக்கும் இருந்தாள் ரோஷினி. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் முருகேஸ்வரி வெற்றிலை பாக்கு பழத்தோடு தனியாகத் திருச்சுழி பஸ் ஏறினாள்.

"ஐயா, உங்களைத் தப்பா நெனச்சுட்டேன். டாக்டருக்கே புடிபடாதது உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

தனுஷ்கோடி மடியிலிருந்த உடுக்கையைக் கீழே வைத்தார்.

"எனக்கும் ஒரு பிள்ள இருந்துச்சு தாயி. தங்கச்செல்வி. இதே மாதிரிதான் சொட்டும். மூணு அமாவாச நானே வேப்பங்குழையால அடிச்சேன். நாலாவது அமாவாச வாரதுக்குள்ள தன் உசுரத் தானே மாச்சுக்கிட்டா. அறுத்துப் பாத்த டாக்டரு என்னையக் கூப்பிட்டு, 'உள்ள ஒரு குழாய் கூடுதலா இருந்திருக்கு பெரியவரே, நல்லாப் படம் எடுத்துப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே'ன்னாரு."

முருகேஸ்வரி வெற்றிலை பாக்கை அவர் முன்னால் வைத்தாள்.

"அதுக்கப்புறமும் ஏன்யா இந்தத் தொழில விடாம உக்காந்திருக்கீக?"

"நான் எந்திரிச்சுப் போயிட்டா, இந்த மாதிரிப் பிள்ளைகள அடிக்கிறவன்கிட்டல்ல தாயி கொண்டு போவாக?"