உப்புப் பார்க்க ஆளில்லை

இப்தாருக்கு பஸீனாவின் மாமியார் வீட்டார் மாம்புரியிலிருந்து வர இருந்தார்கள். எதிலும் குறை காணும் அந்த மாமியார், சாப்பாட்டிலாவது தங்கச்சி பஸீனாவைக் குறை சொல்லக் கூடாது என்பதுதான் அக்கா மபாஸாவின் கவலை. பாண் துண்டுகளைத் தோய்த்துச் சாப்பிட லீக்ஸும் கரட்டும் சீஸும் போட்ட பால் கலவை அடுப்பில் கெட்டியாகிக்கொண்டிருந்தது.

“எனக்கு நோன்பு, நீ உப்புப் பாரு, பஸீனா.”

“எனக்கும் நோன்பு, ராத்தா.”

மபாஸா சிரித்தாள். சகோதரிகள் நால்வரும் இதே குசினியில் நின்ற காலத்தில், மாதவிலக்கால் நோன்பு விட்ட ஒருத்தி எப்படியும் இருப்பாள். மற்றவர்கள் கேலி செய்துகொண்டே அவளிடம் கரண்டியை நீட்டுவார்கள். இப்போது இருவர் கட்டாரில். நோன்பு வந்தாலே மபாஸாவுக்கு அந்தச் சிரிப்புத்தான் நினைவு.

“நோன்புக் கடைசிப் பத்து நாள்ல எப்பவும் நீதானே உப்புப் பாக்கிறது. ஆம்பிளையள் இல்ல, வெக்கப்படாத.”

“மெய்யாத்தான், நோன்பு.”

“அப்ப நடுப்பத்துல விட்டியா?”

“இந்த முறை ஒண்டும் விடல்ல, ராத்தா.”

கரண்டி மபாஸாவின் கையிலேயே நின்றது. பஸீனா தலை குனிந்துகொண்டாள். கலியாணமான நாளிலிருந்து மாமியார் கேட்டுக் கேட்டுச் சலித்த சேதி அது.

“மாப்பிள்ளைக்குத் தெரியுமா?”

“பெருநாளைக்குச் சொல்லலாமெண்டு இருந்தன்.”

மபாஸா உப்புப் பார்க்காமலே அடுப்பை அணைத்தாள்.

“இண்டைக்கே சொல்லு. அதுக்குப் பொறகு உப்பு கூடினதா குறைஞ்சதா எண்டு ஆருக்குத் தெரியப் போகுது?”