மூடிக்குள் இருபத்தாறு

மைத்துனனுக்கு வானியல் சங்கத்தில் சேர ஆசை. செயலாளரான அத்தானுக்கு அவனைச் சேர்க்காமலிருக்க ஆசை. பொழுது சாய்ந்ததும் மொட்டைமாடியில் பரீட்சை வைத்தார்: தென்வானத்து நட்சத்திரக் கொத்தைத் தொலைநோக்கியில் எண்ண வேண்டும்.

“இருபத்தாறு, அத்தான்.”

விடை சரிதான். ஆனால் குழாயின் முனையில் மூடி கழற்றப்படாமலே இருந்தது.

“அடேங்கப்பா! புத்தகத்துல மனப்பாடம் பண்ணிட்டு வந்தியா? இந்த மூஞ்சியத்தான் உங்கக்கா அறிவாளின்னு சொல்றா!”

“நீங்களே பாருங்களேன்.”

விண்ணப்பத்தில் ‘தகுதியில்லை’ என்று எழுதிவிட்டு, கேலிக்காகக் குனிந்தார். மூடிக்குள் கொத்து பளிச்சென்று இருந்தது. எண்ணினார், இருபத்தாறு. மூடியைக் கழற்றினார், தெற்கே வெறும் வானம். அண்ணாந்து பார்த்தார்; அங்கும் ஒன்றுமில்லை.

மறுபடி மூடியை மாட்டினார். நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன, எட்டிப் பார்க்கிறவனைக் கண்டதும் ஜன்னல்களைச் சாத்துவதுபோல, அவசரமே இல்லாமல்.